இரண்டு தொட்டிலில் தொடங்கிய மருத்துவமனை

அயர்லாந்தின் டப்ளினில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். வயிற்றுப்போக்கோடு கைக்குழந்தை வந்தால் முதலில் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்ப்போம், உடம்பில் நீர் வற்றினால் அது உள்வாங்கியிருக்கும். கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று தாயிடம் கேட்போம். தேவைப்பட்டால் டிரிப். பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு நாளில் தெளிந்து வீட்டுக்குப் போய்விடும். இதே ஊரில் நூறு வருஷத்துக்கு முன்னால் இதே நோய் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது.

காரணம் தெரிய வேண்டுமென்றால் ஹென்றியட்டா தெரு 14ஆம் எண் வீட்டுக்குப் போக வேண்டும். இப்போது அது அருங்காட்சியகம். பணக்காரக் குடும்பத்துக்குக் கட்டிய மாளிகை, பிறகு அறை அறையாக வாடகைக்குப் போனது. 1911 கணக்கெடுப்பில் அந்த ஒரே வீட்டில் 100 பேர். தண்ணீரும் கழிப்பிடமும் எல்லாருக்கும் பொது. அங்கே புட்டிப்பாலில் வளர்ந்த குழந்தைக்குக் கோடைகாலம் என்ன செய்திருக்கும் என்று எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டாக்டர் கேத்லீன் லின் அந்தத் தெருக்களில் வைத்தியம் பார்த்தவர். மேயோ மாவட்டத்தில் 1874இல் பிறந்த பாதிரியார் மகள். மருத்துவம் படித்து முடித்தும், பெண் என்பதால் ஒரு மருத்துவமனை அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில், ஐரிஷ் சிட்டிசன் ஆர்மி என்ற தொழிலாளர் படையின் தலைமை மருத்துவர் அவர். சிட்டி ஹாலில் தளபதி ஷான் கானலி சுடப்பட்டு இறந்த பிறகு, அங்கிருந்தவர்களில் மூத்த அதிகாரியாக நின்று சரணடைந்தார். கில்மெய்னம் சிறை. 1918இல் மறுபடி கைது. அப்போது ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல், டாக்டர் வேண்டும் என்று நகர மேயர் தலையிட்டு வெளியே கொண்டுவந்தார்.

அப்புறம் 1919இல் அவரும் தோழி மேட்லின் ஃபிரெஞ்ச்-மல்லனும் சார்லமாண்ட் தெருவில் செயின்ட் அல்டன்ஸ் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். கையில் 70 பவுண்டு, இரண்டு தொட்டில். பெண்களே நடத்திய கைக்குழந்தை மருத்துவமனை. எழுச்சியைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் கிளர்ச்சியாளர்கள் பிடித்த தபால் நிலையத்தையும் துப்பாக்கியையும் சொல்கிறார்கள். எனக்கு இந்த இரண்டு தொட்டில்தான் பெரிதாகத் தெரிகிறது. சண்டை ஒரு வாரம் நடந்தது. இந்த வேலையை லின் முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தார். என் தோளில் சின்ன வயதில் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கிறது. அந்த ஊசியை அயர்லாந்தில் முதலில் போட்டவர் டாக்டர் டோரதி பிரைஸ், 1937இல், இதே மருத்துவமனையில்.

1930களில் இதை இன்னொரு குழந்தைகள் மருத்துவமனையோடு இணைத்துப் பெரிதாக்க லின் பாடுபட்டார். கத்தோலிக்கப் பேராயர் எதிர்த்தார். லின் புராட்டஸ்டன்ட். ஊரின் ஏழைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், அவர்கள் திருச்சபையின் கையை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். திட்டம் நின்றுபோனது. 1955இல் லின் இறந்தபோது ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். சரி, செய்ய வேண்டியதுதான். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது கேட்டது படுக்கைகள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.