பொருளியல் பட்டம்: கட்டணத்தோடு முடியாத கணக்கு

அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் சேர நினைப்பவர்கள் செலவு என்றால் கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறார்கள். முதல் பருவத்தில் வரும் 'வாய்ப்புச் செலவு' (ஒன்றைத் தேர்வதால் கைவிடும் மற்றொன்றின் மதிப்பு) பாடத்தைச் சேரும் முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள். கட்டணம், புத்தகம், பயணம் ஆகியவற்றோடு, அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளத்தையும் கூட்ட வேண்டும். சாப்பாட்டைக் கூட்டக் கூடாது. படிக்காவிட்டாலும் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். விடுதியில் தங்குவதால் கூடுதலாக ஆகும் தொகை மட்டும் கணக்கில் வரும். கட்டணம் குறைவான இடத்தில் இந்தப் பட்டியலின் பெரிய தொகை பெரும்பாலும் விட்டுக்கொடுத்த சம்பளமாகவே இருக்கும். அரியரால் ஓராண்டு நீண்டால் மறுதேர்வுக் கட்டணம் சில்லறை. போவது ஓராண்டுச் சம்பளம்.

அரியருக்கு வழக்கமான காரணம் கணிதம். தனிமனிதர், நிறுவனங்களின் முடிவுகளை ஆராயும் நுண்ணியல் பொருளியல், அறிமுக நிலையில் வரைபடத்திலேயே ஓடிவிடும். அடுத்த நிலையில் அதே பாடம் பகுதி வகைக்கெழு, லக்ராஞ்சி பெருக்கி (கட்டுப்பாட்டுக்குள் உச்சத்தைக் கண்டுபிடிக்கும் கணித முறை) என்று வேறு முகம் காட்டும். ஒரு சோதனை: இரு பொருள்களின் அளவுகளைப் பெருக்கினால் வருவதே பயன்பாடு (வாங்குபவருக்குக் கிடைக்கும் நிறைவு), விலைகள் 2, 5, வருமானம் 100. எவ்வளவு வாங்கினால் பயன்பாடு உச்சம்? விடை 25, 10. லக்ராஞ்சி முறையில் இதைத் தட்டுத்தடுமாறாமல் போட வராவிட்டால், அந்தத் தாளுக்குப் போகும் முன் விடுமுறையில் வகை நுண்கணிதத்தை முடித்துவிடுங்கள்.

தரவை வைத்துப் பொருளியல் உறவுகளை அளக்கும் எகனாமெட்ரிக்ஸில் சிக்கல் வேறு மாதிரி. மென்பொருளில் கட்டளை கொடுத்தால் ரெக்ரஷன் அட்டவணை (ஒரு மாறி மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் கெழுக்கள்) வந்துவிடும். கணக்கில் சேர்க்காமல் விட்டுப்போன மாறி எந்தக் கெழுவை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும். மென்பொருள்களில் ஸ்டேட்டாவுக்குக் காசு, ஆர், பைத்தான் இலவசம். பொதுவெளியில் கிடைக்கும் ஒரு தரவுத் தொகுப்பை எடுத்து, சுத்தம் செய்வதிலிருந்து முடிவு எழுதுவது வரை ஒருமுறை தனியாகச் செய்து பாருங்கள். நேர்முகத்தில் காட்ட அது ஒன்று போதும்.

வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் பார்க்கையில் சராசரிச் சம்பளத்தை நம்ப வேண்டாம். நிதித்துறைக்குப் போன ஓரிருவரே அதைத் தூக்கிவிடுவார்கள். இடைநிலையை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேளுங்கள். எத்தனை பேர் பதில் சொன்னார்கள், மேற்படிப்புக்குப் போனவர்களை எங்கே சேர்த்தார்கள் என்பதையும் கேளுங்கள்.

பொருளியல் படித்தவர்களுக்குச் சம்பளம் அதிகம் என்றால், கெட்டிக்காரர்கள் அதில் சேர்வதால்தானோ என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கு 2022-இல் வெளியான ஓர் ஆய்வு ஓரளவு பதில் தருகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில், தொடக்கப் பொருளியல் தாள்களில் சராசரியாக 2.8 தரப்புள்ளி எடுத்தால்தான் அதை முதன்மைப் பாடமாக்கலாம் என்ற விதி வந்தது. இந்த 2.8 கோட்டுக்குச் சற்று மேலே, சற்று கீழே இருந்தவர்களை ஆய்வாளர்கள் ப்ளீமரும் மேத்தாவும் ஒப்பிட்டார்கள். பொருளியல் கிடைத்தவர்களின் தொடக்ககால ஆண்டு ஊதியம் சுமார் 22,000 டாலர், அதாவது 46 சதவீதம் கூடுதல். அந்த வித்தியாசத்தில் ஏறத்தாழ பாதி, அவர்கள் எந்தத் துறை வேலைக்குப் போனார்கள் என்பதால் வந்தது. ஒரே வளாகம், கோட்டருகே நின்றவர்கள் மட்டும் என்பதால் இந்த எண்ணை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. ஆனால் விருப்பத் தாள் எடுக்கும் நாளில், போக நினைக்கும் துறையின் பத்து வேலை விளம்பரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்க இதுவே போதிய காரணம்.