பக்கவாதத்துக்குப் பிறகு தைலமும் கஷாயமும்: எதை, எப்போது, எவ்வளவு

வாய் ஒரு பக்கம் கோணி, கை தூக்க வராமல், பேச்சு குழறினால் அந்த நிமிடத்தில் எந்த மூலிகையும் வேண்டாம். வெற்றிலைச் சாறு, பூண்டுச் சாறு, சுக்குக் கஷாயம் என்று எதையாவது வாயில் ஊற்றுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கிற முதல் தப்பு. கை காலோடு தொண்டையும் செயலிழந்திருக்கலாம். ஊற்றியது இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், நெஞ்சில் சளி, நிமோனியா என்று முடியும். விரல் நுனியில் ஊசியால் குத்தச் சொல்லும் வாட்ஸ்அப் குறிப்பும், புறா ரத்தம் தடவுவதும் ஒரு பயனும் தராமல் நேரத்தைத் தின்றுவிடும். ரத்தக் குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாய் அடைத்ததா, வெடித்ததா என்பது ஸ்கேனில்தான் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் வீட்டில் ஆஸ்பிரின்கூடக் கொடுக்கக் கூடாது.

மருத்துவமனையில் சேர்த்ததும், அதுவரை வீட்டில் சாப்பிட்டுவந்த லேகியம், சூரணம், சித்த மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பதுதான் பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர்.

விழுங்கும் சோதனை முடியும்வரை தண்ணீரும் கிடையாது. முடிந்த பிறகும் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு மிகவும் ஆபத்தானது நீர்த்த திரவம். கஞ்சி நிதானமாக இறங்கும், கஷாயமோ மூச்சுப்பாதை மூடுவதற்கு முன்பே வழுக்கி அதற்குள் ஓடிவிடும். குடித்ததும் இருமல், குரலில் ஈரமான களகளப்பு, கண்ணில் நீர் என்று ஏதாவது தெரிந்தால் அன்றோடு கஷாயத்தை நிறுத்திப் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். மூக்குக் குழாய் போட்டிருந்தால் சூரணம் கரைத்து ஊற்றவே கூடாது. அடியில் தங்கும் தூள் குழாயை அடைத்துவிடும், பிறகு குழாயையே மாற்ற வேண்டிவரும்.

வீடு திரும்பிய பிறகு எங்கள் வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் வெளிப்பூச்சு, உள்மருந்து பிறகு. பிரஷர் இரண்டு வாரம் 140/90-க்குள் நின்று, நரம்பியல் டாக்டர் சரி என்று சொன்ன பிறகே தைலத்தில் கைவைக்கிறோம். அதற்கும் முன்னால் கெண்டைக்காலை டேப்பால் அளக்கிறோம். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு முட்டாகத் துருத்தி நிற்கும் இடத்திலிருந்து 10 செ.மீ. இறக்கி, இரண்டு காலிலும் சுற்றளவு எடுக்க வேண்டும். வலுவிழந்த காலின் அளவு 3 செ.மீ.க்கு மேல் கூடியிருந்தாலோ, அந்த இடம் சூடாக, தொட்டால் வலியாக இருந்தாலோ தைலம் வேண்டாம், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். அசையாத காலில் ரத்தம் உறைந்திருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும், உயிரே போகலாம்.

எந்தத் தைலம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சித்தத்தில் வாதகேசரித் தைலம், உளுந்துத் தைலம்; ஆயுர்வேதத்தில் க்ஷீரபலா, மகாநாராயணத் தைலம். எங்கள் அனுபவத்தில் தைலத்தின் பெயரைவிடத் தேய்க்கும் கைதான் பெரிய வித்தியாசம் செய்கிறது. ஒரு பக்க உடம்புக்கு 30 முதல் 40 மி.லி. போதும். தைலக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடேற்றுங்கள், நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். சூட்டைப் பார்க்க வேண்டியது நல்ல பக்கத்து மணிக்கட்டின் உள்பக்கம். பாதித்த கையில் உணர்ச்சி குறைந்திருக்கும். ‘இதமா இருக்கு’ என்று அவர் சொல்லும்போதே தோல் வெந்துகொண்டிருக்கலாம். நொச்சி, ஆமணக்கு இலை வதக்கிக் கட்டும் கிழியில்தான் இந்தக் காயம் அதிகம் வருகிறது, சர்க்கரை நோயாளிக்கு அது புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாது. கிழியைச் சட்டியிலிருந்து எடுத்ததும் உங்கள் மணிக்கட்டில் மூன்று எண்ணும்வரை வைத்துப் பாருங்கள். பொறுக்க முடியாவிட்டால் ஆறவிடுங்கள். ஓர் இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே ஒற்றுங்கள்.

தேய்ப்பது 20 நிமிடம். கை தளர்ந்து கிடக்கும் காலத்தில் மென்மையாக, விறைப்பு வந்த பிறகு நீளமாக, மெதுவாகத் தேய்க்க வேண்டும். விறைத்த தசையை வேகமாகத் தட்டினாலும் குத்தினாலும் விறைப்பு ஏறத்தான் செய்யும். தோள் தனிக் கவனம் கேட்கும். தசை தளர்ந்ததும் கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துவிடும். தோள் முனை எலும்புக்குக் கீழே ஒரு விரல் பதியும் பள்ளம் தட்டுப்பட்டால் மூட்டு இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்தக் கையை ‘நரம்பு எடுக்கிறேன்’ என்று ஒருவர் வந்து இழுத்தால், அதன்பின் மாதக்கணக்கில் தோள்வலி, அந்த வலியால் பயிற்சியும் நின்றுபோகும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் இதே கெடுதலைச் செய்யும். உட்காரும்போது முன்கைக்குக் கீழே தலையணை வைத்துத் தாங்குங்கள். கழுத்தை நெட்டி முறிக்கவோ, கழுத்தில் வர்மப் புள்ளியை அழுத்தவோ யாரையும் விடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன. நெட்டி முறித்ததில் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவதுண்டு.

பாதத்துக்கு எண்ணெய் கடைசியில். அதைத் துடைத்துக் கழுவும்வரை எழுந்து நிற்க விடாதீர்கள். எண்ணெய்க் காலோடு குளியலறைக்கு நடந்து வழுக்கி, இடுப்பு எலும்பு உடைந்தால் அதுவரை வந்த முன்னேற்றம் அத்தனையும் போய்விடும். தசை தளர்ந்திருக்கும் அடுத்த அரை மணி நேரத்துக்குள் பிசியோ பயிற்சி. தைலம் மட்டும் தேய்த்துவிட்டுப் படுக்கவைப்பது பாதி வேலைதான். நடையும் கையும் திரும்புவது பயிற்சியில்தான், அதிலும் முதல் 3 முதல் 6 மாதம் பொன்னானது.

உள்மருந்துக்கு வந்தால், நோயாளி ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவருக்குச் சமையல் அளவு பூண்டும் மஞ்சளும் சிக்கலில்லை. பூண்டு கேப்ஸ்யூல், மஞ்சள் சத்து மாத்திரை, ஜின்கோ என்ற மூலிகை மாத்திரை இவை ரத்தக்கசிவைக் கூட்டலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு விதி இன்னும் கடுமை. எந்த மூலிகை சேர்த்தாலும், நிறுத்தினாலும் ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் சோதனை) பார்க்க வேண்டும். முருங்கைக்கீரை போன்ற கீரைகளை விலக்க வேண்டியதில்லை, வாரா வாரம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றிப்போன தடம், தார் போன்ற கருப்பு மலம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனை.

வலிப்புக்காக ஃபெனிட்டாயின் கொடுத்திருந்தால் திரிகடுகம் (சுக்கு, மிளகு, திப்பிலி) வேண்டாம். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். தள்ளாட்டம், தூக்கம், குழறல் என்று அறிகுறிகள் வரும்போது வீட்டில் எல்லோரும் இரண்டாவது பக்கவாதம் என்று பதறுவார்கள். சங்குபுஷ்பி கலந்த ஞாபகசக்தி மருந்து இதற்கு நேர்மாறு, ஃபெனிட்டாயின் அளவைக் குறைத்து வலிப்பைத் திரும்பக் கொண்டுவரலாம். தொண்டைக்கு இதம் என்று தினமும் சாப்பிடும் அதிமதுரம் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும், பிரஷர் ஏறும். மலச்சிக்கலுக்கு நிலாவிரையை நாள்கணக்கில் கொடுத்தாலும் பொட்டாசியம் இறங்கும். இந்துப்பு பிரஷருக்கு நல்லது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை, அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் கேட்பவர்களிடம் மூன்று கேள்வி கேட்கிறோம்: சுகர் உண்டா, தைராய்டு உண்டா, தூக்க மாத்திரை உண்டா? அந்தச் சூரணத்தில் சர்க்கரை சேர்ப்பது வழக்கம், மிளகும் திப்பிலியும் வேறு இருக்கும். எல்லாம் ஒத்துவந்தால் 1 கிராமில் தொடங்கி, ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. இரண்டு புது மருந்தை ஒரே வாரத்தில் தொடங்கினால் கெடுதல் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் வகைகளை முறையாகப் படித்த சித்த மருத்துவர் எழுதித் தராமல் தொடாதீர்கள். லேபிள் இல்லாத பொட்டலம் எவ்வளவு தெரிந்தவர் கொடுத்தாலும் வேண்டாம். ரசம், ஈயம், பாஷாணம் சேர்ந்தது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனையும் ஈரல் சோதனையும் தொடங்கும் முன் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை.

மூலிகை மூளையையே சரிசெய்துவிடுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். சீனப் பாரம்பரிய மருந்தான எம்.எல்.சி. 601-ஐ 1,100 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2013-இல் வெளியானது. மூன்று மாதத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. மூளை ரத்தக்கசிவுக்கு ஒரு மூலிகைக் கஷாயத்தை 1,648 பேருக்கு 28 நாள் கொடுத்துப் பார்த்த சீன ஆய்வும் 2024-இல் அதே முடிவைத்தான் சொன்னது. அதனால் ‘90 நாளில் எழுந்து நடப்பார்’ என்று பேக்கேஜ் விற்பவரிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். அந்தப் பணம் பிசியோவுக்குப் போகட்டும். அவர் பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தைலத்தின் பயன் எங்களுக்குக் கண்ணெதிரே தெரிவது மூடிப்போன கையில். விரல்கள் மடங்கி இறுகியிருக்கும், உள்ளங்கையில் வியர்வை ஊறி நாற்றமடிக்கும், நகம் குத்திப் புண்ணாகும். விரல்களை நேரடியாகப் பிடித்து நிமிர்த்தினால் இன்னும் இறுகும். முதலில் மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்குங்கள், விரல்கள் தானே தளரும். பிறகு கட்டைவிரலை நுனியில் பிடிக்காமல் அடிப்பகுதியில் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். மற்ற விரல்கள் பின்னாலேயே வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து உலர்த்தி, நகத்தை வெட்டிவிட்டு, புண் இல்லாவிட்டால் நாலைந்து சொட்டுத் தைலம் போதும். அதிகம் விட்டால் மூடிய கைக்குள் ஈரம் தேங்கித் தோல் வெளுத்து உரியும். மீதியை ஒற்றி எடுத்துவிட்டு, சுருட்டிய பருத்தித் துணியைக் கைக்குள் வையுங்கள். காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை.