அம்மாவின் எம்.சி.ஆர். செருப்பு

என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சென்ற ஆண்டு மருத்துவர் அவரைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, தடித்த நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் பத்து இடங்களில் வைத்து அழுத்திப் பார்த்தார். நான்கு இடங்களில் மட்டுமே அம்மா தலையசைத்தார். மற்ற ஆறு இடங்களிலும் இழை தொட்டதே அவருக்குத் தெரியவில்லை. இனி வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தச் செருப்பைத் தைத்துக் கொடுத்தவர், நுண்துளை ரப்பர் தகடு ஒன்றை என் கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார். விரல் பதிந்தது, எடுத்ததும் தகடு மெல்ல நிமிர்ந்தது. செருப்பில் ஓர் ஆணிகூட இருக்காது, எல்லாம் பசையும் தையலும்தான் என்றார். உணர்வில்லாத காலில் ஆணி ஏறினால் ஏறியது தெரியாமலேயே அம்மா ஒரு நாள் முழுவதும் நடந்துவிடுவார் என்பதுதான் காரணம். இந்தச் செருப்பு முதலில் சர்க்கரை நோயாளிகளுக்காகச் செய்யப்பட்டதன்று, தொழுநோயாளிகளுக்காக வேலூரிலும் அதை அடுத்த கரிகிரியிலும் உருவானது என்பதையும் அவர்தான் சொன்னார். அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் மனத்தில் நின்றதை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கதை கொல்லிமலையில் தொடங்குகிறது. ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர் அங்கே குடியேறிய காலத்தில், மலைக்குச் சாலை கிடையாது. மலேரியா மட்டும் தாராளமாக இருந்தது. ஜெஸ்ஸி முறையாகப் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். ஊழியத்துக்கு வருமுன் ஓரளவு மருத்துவம் கற்றுக்கொண்டு வந்தவர். வீடு கட்டினார், பழமரம் நட்டார், பல் பிடுங்கினார், நரம்புச்சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி மெல்ல வெளியே இழுத்தார். அந்தப் புழு குடிநீர் வழியாகப் பரவுவது என்பதால், அதை இழுப்பதைவிடக் கிணற்றுக்குச் சுவர் எழுப்புவதே சரியான வைத்தியம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். 1929இல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது அவருடைய மகன் பால் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். இறப்புச் செய்தி தந்தியில் சென்று சேர்ந்த பிறகும், தந்தை முன்பே எழுதி அனுப்பியிருந்த கடிதங்கள் கப்பலில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தனவாம். பதினைந்து வயதைத் தொடவிருந்த ஒரு பையன் அவற்றை எப்படிப் படித்திருப்பான் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட், பள்ளிப் படிப்பு முடிந்ததும் மருத்துவத்துக்குப் போகவில்லை. சில ஆண்டுகள் கட்டடத் தொழிலும் தச்சுத் தொழிலும் பழகினார். மிஷனரியாகப் போகிறவன் வீடு கட்டத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்பது தந்தையிடமிருந்து வந்த எண்ணமாக இருக்கலாம். பிறகே லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஐடா ஸ்கடர் 1900இல் மிகச் சிறிய அளவில் தொடங்கிய மருத்துவப் பணி அதற்குள் பெரிய மருத்துவமனையாக வளர்ந்திருந்தது. அப்படிப்பட்ட இடத்திலும் தொழுநோயாளிகளைச் சேர்த்துக்கொள்வது எளிதாக இல்லை. மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தது. அந்த அச்சம் வீண் என்றும் சொல்ல முடியாது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. ஊரும் உறவும் கைவிட்டவர்களை அரசும் ஒதுக்கியே வைத்திருந்த காலம் அது. அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 2016இல்தான்.

செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் இருந்த ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர், பால் பிராண்டை அங்கே அழைத்துச் சென்றார். நோயாளி ஒருவரின் மடங்கிப்போன கையைப் பால் பிராண்ட் பிடித்துப் பார்த்தபோது, அந்தக் கை அவருடைய கையை வலிக்கும் அளவுக்கு இறுக்கியது. செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த கையில் இவ்வளவு பலம் எப்படி வந்தது? தொழுநோய்க் கிருமி சில நரம்புகளை மட்டுமே செயலிழக்கச் செய்கிறது, முன்கையின் தசைகள் பல நல்ல நிலையிலேயே இருக்கின்றன என்பதை அந்த ஒரு பிடி காட்டிக்கொடுத்தது. நலமாக இருக்கும் தசைநாண் ஒன்றை எடுத்து, வேலை செய்யாத விரல்களுக்குப் பிரித்து இணைத்தால் விரல்கள் நிமிரும் என்று அவர் கணித்தார். 1940களின் இறுதியில் வேலூரில் அந்த அறுவைச் சிகிச்சைகள் தொடங்கின. தச்சு பழகியவரின் கண் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

அறுவைச் சிகிச்சையைவிட என்னைக் கவர்ந்தது அடுத்துவந்த கண்டுபிடிப்பு. தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றுதான் ஊரார் நம்பினார்கள். மருத்துவர்களிலும் பலர் அப்படித்தான் நம்பினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பால் பிராண்டால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் கையைப் பார்த்தால் சாவி விரலை எலும்பு தெரியும்வரை கிழித்திருந்தது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. விரல்களைத் தின்றது நோயல்ல, வலி இல்லாமைதான் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதன்பின் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரத்தின் பிடி, சிலாம்பு எழுந்த சுத்தியல் காம்பு, விளக்கின் சூடேறிய கண்ணாடி என்று காரணங்கள் அகப்பட்டன. சிலருக்கு இரவில் தூங்கும்போதே விரல் நுனி காணாமல் போயிற்று. விழித்திருந்து கவனித்தபோது எலிகள் வந்து கடித்தது தெரிந்தது. அதனால் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை ஒன்றையும் கொடுத்தனுப்பினார்களாம். ஒரு மருத்துவமனை எழுதிக்கொடுத்த மருந்துகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பூனைதான்.

கை நிமிர்ந்தவர்களுக்கு வேறு ஒரு துன்பம் காத்திருந்தது. மடங்கிய கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள் நேரான கையைப் பார்த்துப் போடவில்லை. வேலைக்கும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. பிச்சை எடுப்பதற்கு இந்தக் கைகள் உதவவில்லை என்று நோயாளிகளே வந்து முறையிட்டார்கள். ஆகவே பாகாயத்தில் கல்லூரி வளாகத்திலேயே மண் குடிசைகள் போட்டு, நவஜீவ நிலையம் என்று பெயரிட்டு, தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். கருவிகளின் கைப்பிடிகளை உணர்வற்ற கைகளுக்குப் பொருந்துமாறு மாற்றினார்கள். 1950களின் நடுவில் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை எழுந்தது. பால் பிராண்டின் மனைவி மார்கரெட், இமை மூடாமல் பார்வை இழந்துகொண்டிருந்தவர்களின் கண்களைக் கவனித்தார். 1954இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

காலின் கதை கையைவிடக் கடினமானது, ஏனென்றால் நடக்காமல் யாரும் பிழைக்க முடியாது. புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டு போட்டு, உடலின் எடையைப் பாதம் முழுவதும் பரவச் செய்யும் முறையைக் கொழும்பின் அறுவை மருத்துவர் மில்ராய் பால் முன்பே கையாண்டிருந்தார். வேலூரில் அதையும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆறிய புண் மறுபடி வராமலிருக்கச் செருப்பு வேண்டும். மரத்தில் செய்து பார்த்தார்கள்; பிளாஸ்டிக்கில் முயன்றார்கள்; ஒவ்வொன்றும் ஏதாவது ஓரிடத்தில் கடித்தது. கடைசியில் நுண்துளை ரப்பரே கால்களோடு ஒத்துப்போயிற்று. இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் வெள்ளைக்கார மருத்துவரை முன்னால் நிறுத்துவது வழக்கம். அந்த ரப்பரை வெட்டி, ஒட்டி, கடித்த இடத்தைப் பிரித்து மறுபடி தைத்த செருப்புத் தொழிலாளிகளின் பெயர்கள் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. அது எனக்குக் குறையாகவே படுகிறது.

எங்கள் வீடு முருகன் படம் மாட்டிய வீடு. மதம் மாற்றத்தானே இதையெல்லாம் செய்தார்கள் என்று என் சித்தப்பா கேட்டார். அவர்கள் தங்கள் நம்பிக்கையைப் பரப்ப வந்தவர்கள் என்பதை அவர்களே மறைக்கவில்லை. ஜெஸ்ஸி பிராண்ட் மலையில் பிரசங்கமும் செய்தார். ஆனால் ஒருவன் இரவு முழுவதும் விழித்திருந்து எலி எப்போது வருகிறது என்று பார்ப்பதற்கு, எண்ணிக்கை கூட்டும் ஆசை மட்டும் போதாது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. மகனை வேலூருக்குக் கொடுத்த எவலின் பிராண்ட், ஓய்வு பெறும் வயது வந்ததும் மிஷனின் கட்டுப்பாட்டிலிருந்து விலகி, தாமாகவே மறுபடி மலையேறினார். 95 வயதில் 1974இல் இறந்தபோது, கொல்லிமலையிலேயே கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பால் பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்த்தபோது, வேலூரில் பார்த்த அதே புண்கள் அதே இடங்களில் இருந்தன. நோய் வேறாக இருந்தாலும் வலி இல்லாமை ஒன்றுதான். அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் தொழுநோயாளிகளிடம் கற்ற பாடம் இப்படித்தான் சர்க்கரை நோயாளிகளைச் சென்றடைந்தது. என் அம்மாவின் காலையும் சென்றடைந்தது.

அம்மா முதலில் மறுத்தார். வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளித்தார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். பூஜை அறை வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் விளக்கேற்றுகிறார். வெளியே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடி ஒன்றைக் காலுக்கடியில் பிடித்து, ஒவ்வொரு பாதமாகப் பார்க்கிறார். நேற்று என்னை அழைத்து, "இங்க ஏதோ செவப்பா இருக்காப்பா, பாரு" என்றார். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நெற்றிக்கு வைத்த குங்குமம் உதிர்ந்து ஒட்டியிருந்தது.