ஹந்தானையிலிருந்து லூல்கந்துர வரை: தேயிலை மலையில் இருவராக நடந்தது

இலங்கையின் பீக்கோ நடைபாதை, கண்டி நகருக்கு மேலே ஹந்தானை மலையில், 1925-இல் கட்டப்பட்ட ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையின் அருகே தொடங்குகிறது. அந்தத் தொழிற்சாலை இப்போது தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கிருந்து ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று மலையகத்தைச் சுற்றி வளைந்து நுவரெலியாவில் முடியும் இப்பாதையின் நீளம் 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மொத்தம் 22 கட்டங்கள். ஒவ்வொன்றையும் ஒரு பகலில் நடந்து முடிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு அண்மை ஆண்டுகளில்தான் இது நடைபயணிகளுக்கான ஒரே பாதையாக இணைத்து ஒழுங்கு செய்யப்பட்டது. ஆனால் யாரும் இதைப் புதிதாக வெட்டவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்குப் போன வழிகளும், கொழுந்து ஏற்றிச் சென்ற மண் சாலைகளும், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோவில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் நடந்த குறுக்குப் பாதைகளும்தாம் இன்று ஒரு பெயரின் கீழ் வந்திருக்கின்றன.

நானும் என் கணவரும் நடந்தது முதல் இரண்டு கட்டங்களை: ஹந்தானையிலிருந்து கலஹா வரையும், அங்கிருந்து லூல்கந்துர தோட்டம் வரையும். அப்புத்தளைப் பக்கமும் எல்லப் பக்கமும் காட்சிகள் இன்னும் அழகு என்று பலரும் சொன்னார்கள். எனக்கு இந்தப் பக்கம்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் இருந்தது. என் அம்மா பிறந்தது கலஹாவை அடுத்த ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில். 1964-இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் என் தாத்தாவின் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் கோத்தகிரி வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்கென்றே 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், பின்னாளில் டேன்டீ என்று ஆனது, அவர்களுக்கு மறுபடியும் ஒரு கூடையைக் கொடுத்தது. பாட்டி இரண்டு நாட்டிலும் கொழுந்து எடுத்தவர். அவர் பேச்சில் வந்துகொண்டே இருந்த ஹந்தானையும் கலஹாவும் தெல்தோட்டையும் எனக்குச் சிறு வயதில் வெறும் ஒலிகள்.

என் கணவருக்குத் தாமிரபரணிக் கரை. வயல் வரப்பில் வேகமாக நடந்து பழகியவர்; ஏற்றத்தில் என்னைவிட விரைவாகவும், இறக்கத்தில் என்னைவிட மெதுவாகவும் போவார். கணவனும் மனைவியுமாக நடக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் செய்தி இதுதான்: அந்தந்த நேரத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவரே முன்னால் போக வேண்டும். முன்னால் போகிறவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக் காத்திருப்பதும், பின்னால் வருகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டே மன்னிப்புக் கேட்பதும் இதனால் இல்லாமல் போகின்றன. நாங்கள் ஏற்றத்துக்கு ஒருவர், இறக்கத்துக்கு ஒருவர் என்று இடம் மாற்றிக்கொண்டோம். கைப்பேசியில் பாதையின் வரைபடத்தைப் பார்க்கும் வேலை அவருடையது. எதிரில் வருபவர்களிடம் பேசும் வேலை என்னுடையது. இந்தப் பங்கீட்டை நாங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை. தோட்டத்தில் எதிர்ப்படுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், என்னிடம்தான் கேட்டார்கள்.

ஹந்தானையை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்திலேயே கண்டியின் வாகனச் சத்தம் அடங்கிவிடுகிறது. ஒரு பக்கம் மானாப்புல் மேடு, சில இடங்களில் பிற்காலத்தில் நட்ட பைன் மரங்கள், மலைக்குக் கீழே பேராதனைப் பல்கலைக்கழகம். வானம் தெளிந்திருந்தால் வடகிழக்கில் நக்கிள்ஸ் மலைத்தொடர் தெரியும். பிறகு தேயிலை தொடங்குகிறது. சில மலைகளில் செடிகள் நன்றாகத் தழைத்திருந்தன. சிலவற்றில் கவ்வாத்து வெட்டி, கட்டைகள் மட்டும் வெயிலில் நின்றன. வேறு சிலவற்றில் தோட்டம் கைவிடப்பட்டு, வெட்டாமல் விட்ட தேயிலை மரமாக வளர்ந்து காட்டோடு கலந்திருந்தது. தேயிலையை இடுப்பளவுச் செடி என்றே அறிந்திருந்த என் கணவர் அந்த மரங்களின் கீழ் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். வாரத்துக்கு ஒரு முறை கொழுந்து கிள்ளும் விரல்களும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வெட்டும் கத்தியும் இல்லாவிட்டால் தேயிலை தன் இயல்புப்படி மரமாகிவிடும். மலை முழுவதையும் பச்சைக் கம்பளமாக நிறுத்தி வைத்திருப்பது மனித உழைப்புதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஒரு திருப்பத்தில், பறித்த இலையை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்துக்கு அருகே பெண்கள் நிறைக்காகக் காத்திருந்தார்கள். இடுப்பில் படங்கு என்னும் கெட்டித் துணி, தலையில் கயிறு மாட்டிய கூடை அல்லது சாக்குப் பை. நாங்கள் ஓரமாக நின்று வழிவிட்டோம். நடைபயணிகள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அது அவர்களுடைய வேலைத்தலம். நிறை போடும் நேரம் அன்றைய கூலியைத் தீர்மானிக்கும் நேரம். நாள் கூலி ஆயிரம் ரூபாய் ஆக வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு 2021-இல்தான் நிறைவேறியது. அந்த வரிசைக்கு நடுவே புகுந்து படம் எடுப்பது எனக்குச் சற்றும் சரியாகப் படவில்லை. நிறை முடிந்தபின் ஒரு வயதான அம்மா தாமாகவே வந்தார்.

“எந்த ஊரு பிள்ள?”

“கோத்தகிரிங்க அம்மா. எங்க பாட்டி இந்தப் பக்கத் தோட்டத்துலதான் வேல செஞ்சாங்க.”

“எங்க சின்னம்மா குடும்பமும் கோத்தகிரிக்குத்தான் போச்சு. அதுக்கப்புறம் ஒரு கடுதாசிதான் வந்துச்சு. வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

பிற்பகலில் மழை வரலாம், அதற்குள் கலஹாவை அடைந்துவிட வேண்டும் என்பது என் கணவரின் கணக்கு. நான் போகத்தான் வேண்டும் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், காலணியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு எனக்கு முன்பாக உள்ளே போனார். அந்த லயத்து அறையில் சீனி போட்ட வெறும் தேத்தண்ணியும் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். சின்னம்மாவின் பெயரையும் கணவர் பெயரையும் நான் எழுதி வாங்கிக்கொண்டேன். ஊர் திரும்பியதும் அம்மா அந்தப் பெயர்களை வைத்து விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

நாங்கள் போனது மாசி மாதம். அட்டைத் தொல்லை குறைவாக இருக்கும் என்பதற்காகவே மழை ஓய்ந்த இந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஆனாலும் ஓடையோர நிழலில் அட்டைகள் ஏறத்தான் செய்தன, கையிலிருந்த உப்பு உதவியது. கலஹாவைத் தாண்டிய ஒரு தோட்டத்தில் பொட்டலில் காமன் கம்பம் நட்டிருந்தார்கள். மலையகத்தில் மாசியில் நடக்கும் காமன் கூத்தைப் பற்றிப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்: மன்மதனைச் சிவன் எரிக்க, ரதி அழுது மன்றாடும் கதையைத் தோட்டத்து ஆண்களே விரதமிருந்து, ரதி வேடமும் தாங்களே கட்டி ஆடுவார்கள். தப்பு வாத்தியத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்த இளைஞர்கள் இரவு தங்கிப் பார்க்கச் சொன்னார்கள். எங்களுக்குத் தங்குமிடம் வேறு இடத்தில் ஏற்பாடாகி இருந்தது. அன்று தங்காமல் வந்தது எங்கள் இருவருக்குமே குறைதான்.

லூல்கந்துர தோட்டத்தில்தான் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் வணிக அளவில் தேயிலைப் பயிர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதுவரை இம்மலைகள் கோப்பிக்காடுகள், அதாவது காப்பித் தோட்டங்கள்; 1869-இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலை எல்லா இடத்தையும் பிடித்தது. டெய்லர் உட்காரும் கல் இருக்கை ஒன்று உச்சியில் இருக்கிறது. அங்கிருந்து பார்க்கும் காட்சி மிகப் பெரியது, மறுக்கவில்லை. தொழிலாளர்கள் அவரைச் ‘சாமி துரை’ என்று அழைத்தார்கள் என்பதும், 1892-இல் அவர் இறந்தபோது உடலை இரு அணிகளாக மாறி மாறித் தோளில் சுமந்து கண்டி மகியாவை மயானம் வரை நடந்தார்கள் என்பதும் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. சுமந்தவர்களின் பெயர்கள் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

அதற்கும் முன்னால் அவர்களோ அவர்களின் பெற்றோரோ நடந்த ஒரு தூரம் உண்டு. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து கங்காணிகள் எனப்பட்ட ஆள் சேர்ப்பவர்கள் கூட்டி வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். கணவனும் மனைவியுமாகப் புறப்பட்டு ஒருவர் மட்டும் மலையேறிய குடும்பங்கள் அதில் எத்தனையோ இருந்திருக்கும். கல் இருக்கையின் அருகில் உட்கார்ந்து நாங்கள் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். இந்த நாட்டின் நெடுந்தூர நடைபாதையைப் பற்றிய அறிவிப்புகளிலும் கையேடுகளிலும் டெய்லருக்குக் கிடைக்கும் இடத்தில் ஒரு பங்காவது அந்த நடைக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்து ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்துக் கட்டங்களை நடப்பதாக இருக்கிறோம். அதற்கு முன் அம்மாவைக் கலஹாவுக்குக் கூட்டிப் போக வேண்டும். மலை ஏற அவரால் முடியாது. கண்டியிலிருந்து பேருந்து இருக்கிறது. மாசியிலேயே போவதென்று என் கணவர் சொல்லிவிட்டார், இந்த முறை காமன் கூத்தை விடிய விடியப் பார்ப்பதாகவும்.