எண் நிற்கவில்லை: காத்ர் போர்ன், மொரிஷியஸ், ஜனவரி 2024

ஜனவரி 12, வெள்ளி
ஓடும் நிரலைப் பாதியில் நிறுத்தும் புள்ளிக்கு, அதாவது பிரேக்பாயின்ட்டுக்கு, நான் எழுதும் பேனல் வந்துவிட்டது. ஒரே ஒரு பெட்டி: "எத்தனையாவது சுற்றில் நிற்க வேண்டும்?" நிரல் எழுதும் கருவியான (ஐடிஇ) இன்டெல்லிஜேயில் இதற்கான கிளாஸின் பெயர் எக்ஸ்பிரேக்பாயின்ட்கஸ்டம்ப்ராப்பர்ட்டீஸ்பேனல். அனுமார் வால். உள்ளே பார்த்தால் மூன்றே வேலைதான்: பெட்டியைக் கொடுக்க கெட்காம்பொனன்ட், பழைய எண்ணை அதில் போட லோட்ஃப்ரம், புதியதை எழுதி வைக்க சேவ்டூ. மதியத்துக்குள் முடித்தேன்.

தம்பி போன் செய்யவில்லை.

ஜனவரி 13
500 போட்டேன். ஐடிஇயை மூடித் திறந்தேன். பெட்டி காலி.

ஜனவரி 14
இன்றும் காலி. மூடாமல் இருக்கும்வரை 500 சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது.

அப்பாவின் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை என்றார்கள். ஞாயிறு ஆகிவிட்டது.

கீழ்வீட்டு தாந்தீன் (இங்கே அத்தையை இப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) வந்து, "சிக்ளோன்! பக்கெட்டில் தண்ணீர் பிடி" என்று விரட்டினார்.

ஜனவரி 15
பொங்கல். பெலால் புயலும் இன்றைக்குத்தான். போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதக்கும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெட் போனது, அப்புறம் கரண்ட். இங்கே பத்தரை என்றால் அங்கே ஊரில் பன்னிரண்டு. டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்திருக்கும். தம்பி கூப்பிட்டிருப்பான், கிடைத்திருக்காது. கூப்பிடாமலும் இருந்திருக்கலாம். எது மோசம் என்று யோசித்து யோசித்து, லேப்டாப்பில் மிச்சமிருந்த 40 சதவீதத்தில் ஒர்க்ஸ்பேஸ் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்தேன். பிரேக்பாயின்ட்கள் சேமிக்கப்படுவது அதில்தான். 500 அங்கே இருக்கிறது! அப்படியென்றால் சேவ்டூ பழுதில்லை. மூன்று நாளாக அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். எழுதியது இருக்கிறது, வாசிக்கத்தான் ஆளில்லை.

பேட்டரி 11. மூடுகிறேன். ஜன்னல் சத்தம் தாங்கவில்லை.

ஜனவரி 17
கிடைத்தது. வரியின் ஓரத்தில் கிளிக் செய்து புதிதாகப் புள்ளி வைத்தால் கிரியேட்பிரேக்பாயின்ட்ப்ராப்பர்ட்டீஸ் ஓடுகிறது. கோப்பிலிருந்து பழைய புள்ளியை எழுப்பும்போது ஓடுவது வேறு: கிரியேட்ப்ராப்பர்ட்டீஸ். முதலாவதை எழுதாவிட்டால் கம்பைலர் விடாது. இரண்டாவதை எழுதாமல் விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், அது பாட்டுக்கு 'நல்' (ஒன்றுமில்லை) என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறது. போட்டுவைக்கப் பாத்திரம் இல்லாததால் 500 கீழே கொட்டிவிடுகிறது. சேர்த்தது ஒரே வரி. நான்கு நாள்! இப்படி வாயே திறக்காத இயல்புநிலையை வைத்தவனை நேரில் பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சண்டை போடுவேன்.

தம்பி பேசினான். "இன்னும் வரல, அண்ணே." அவ்வளவுதான். பின்னால் அப்பா இருமுவது கேட்டது.

ஜனவரி 18
மூடித் திறந்தேன். 500. ஓடவிட்டேன். 500ஆவது சுற்றில் நின்றது. சொல்ல ஆளில்லை.

ஜனவரி 21
வலது கிளிக்கில் வரும் சின்னப் பெட்டியில் என் பேனலை மறைத்தேன். அதற்கு இஸ்விசிபிள்ஆன்பாப்அப். பெரிய ஜன்னலில் மட்டும் இருந்தால் போதும். பிறகு மனம் மாறித் திரும்பக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போயிற்று.

ஜனவரி 25
காவடி. பத்து நாள் விரதத்தில் தாந்தீன் முகம் வற்றியிருந்தது. கோர் த கார்த் மலைக்கோயில் படிகளில் அவருக்குப் பின்னால் ஏறினேன். மயிலிறகு வெயிலில் சாய்ந்துவிட்டது, தோளில் எலுமிச்சை ஈரம். மேலே போனதும் சொம்பின் துணியை விலக்கிக் காட்டினார்: "பார், பால் திரியல." அப்புறம் வாழையிலையில் ஏழு கறி. நான் அப்பா பெயரைச் சொன்னேனா என்று கேட்டார். சொன்னேன்.

ஜனவரி 26
காலை 6. தம்பியிடமிருந்து மெசேஜ்: "எழுந்ததும் கூப்பிடு." அங்கே ஏழரை.