டர்போ காரில் ஸ்பார்க் பிளக்: விலையை விட கேப் முக்கியம்

ஐட்லிங்கில் ஒரு குறையும் தெரியாது. சீரான வேகத்தில் போகும்போதும் தெரியாது. மூன்றாவது கியரில், 2000 ஆர்பிஎம் பக்கத்தில் இருந்து ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் மட்டும் வண்டி இரண்டு மூன்று தடவை வெட்டி இழுக்கும். டர்போ காரில் பிளக் தேய்ந்துவிட்டதை முதலில் காட்டிக்கொடுப்பது இந்த வெட்டுதான். இதைப் பெட்ரோல் சரியில்லை என்று நினைத்து மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. அதற்குள், பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயில் ஒன்றும் சேர்ந்து போயிருக்கும்.

காரணம் எளிது. பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் கேப். அதில் உள்ள காற்று எவ்வளவு நெருக்கமாக அடைபட்டிருக்கிறதோ, அதைத் தாண்டிப் பொறி பறக்க அவ்வளவு அதிக வோல்டேஜ் வேண்டும். டர்போ காற்றைத் திணித்து அனுப்புகிறது. குறைந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், வரும் நேரத்தில்தான் சிலிண்டருக்குள் நெருக்கம் உச்சத்தில் இருக்கும். தேய்ந்த பிளக்கில் கேப் அகன்றிருக்கும், முனையின் கூர்மையும் மழுங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து கேட்கிற வோல்டேஜைக் காயிலால் தர முடியாதபோது பொறி விழுவதில்லை, அல்லது பிளக்கின் பீங்கானுக்கு வெளியே வேறு வழி தேடி ஓடிவிடுகிறது. அதனால்தான் டர்போ இல்லாத என்ஜினில் சாதாரணமாகப் பார்க்கும் 1.0, 1.1 மி.மீ. கேப், டர்போவில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ. வரைதான் இருக்கும். உங்கள் என்ஜினுக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கிறது, அதுதான் கணக்கு.

வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது இரிடியமா, பிளாட்டினமா என்றுதான். அது இரண்டாவது கேள்வி. முதலில் மரையின் விட்டம், மரையின் நீளம், ஹீட் ரேஞ்ச் (பிளக் தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் இறக்கும் என்ற அளவு), கேப் இந்த நான்கும் பொருந்த வேண்டும். புதிய சிறிய என்ஜின்களில் 12 மி.மீ. மரையும் 26.5 மி.மீ. நீளமும் நிறையப் பார்க்கலாம். பழையவற்றில் 14 மி.மீ. மரையும் 19 மி.மீ. நீளமும். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் பொறி குழிக்குள் ஒளிந்துகொள்ளும், சிலிண்டர் ஹெட்டின் மரையில் கரி ஏறி அடுத்த தடவை சரியான பிளக் உள்ளே போகாது.

பாகத்தின் எண்ணைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். என்ஜிகே கம்பெனியின் பிகேஆர்7இஐஎக்ஸ் (BKR7EIX) என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். பி என்பது 14 மி.மீ. மரை, கே என்பது 16 மி.மீ. சாக்கெட், ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு, 7 ஹீட் ரேஞ்ச், இ என்பது 19 மி.மீ. நீளம், ஐஎக்ஸ் இரிடியம். இதன் கேப் 0.8 மி.மீ. இதே எண்ணின் பின்னால் ஒரு சிறு கோடும் 11-ம் இருந்தால் கேப் 1.1 மி.மீ. பெட்டி ஒன்றுபோல இருக்கும், பிளக்கும் ஒன்றுபோல இருக்கும், அந்த 11-ஐக் கவனிக்காமல் டர்போவில் மாட்டினால் புது பிளக்கோடு பழைய வெட்டு அப்படியே இருக்கும். பிறகு பழி காயில் மேல் விழும்.

ஹீட் ரேஞ்ச் விஷயத்தில் ஒரு குழப்பம் வழக்கமாக வரும். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டைச் சீக்கிரம் இறக்கும். பாஷிலும் சாம்பியனிலும் தலைகீழ், எண் குறைந்தால்தான் குளிர்ச்சி. என்ஜிகே 6-க்கு டென்சோவில் 20, 7-க்கு 22, 8-க்கு 24 என்று இணை சொல்வார்கள். ஒரு படி மாறினால் முனையின் வெப்பம் ஏறக்குறைய 70 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை மாறும். முனை 450, 500 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 800 டிகிரியைத் தாண்டிப் போனால் பொறி விழும் முன்பே அந்தச் சூட்டிலேயே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து. ஆகவே கம்பெனி நிலையில் உள்ள வண்டிக்குக் கம்பெனி சொன்ன எண்தான். என்ஜினின் கணினியான ஈசியூவை ரீமேப் செய்து (அமைப்பை மாற்றி) பூஸ்டைக் கூட்டியிருந்தால் ஒரு படி குளிர்ச்சியாகப் போவதில் அர்த்தம் உண்டு. சும்மா இருக்கட்டும் என்று குளிர் பிளக் போட்டு, தினமும் மூன்று கிலோமீட்டர் ஓட்டுகிறவர் கரி பிடித்த பிளக்கைத்தான் சம்பாதிப்பார்.

இப்போது இரிடியம். அதன் நன்மை நீண்ட ஆயுள் மட்டுமில்லை. சாதாரண நிக்கல் பிளக்கின் நடு முனை சுமார் 2.5 மி.மீ. தடிமன். இரிடியத்தில் அது 0.6 மி.மீ., சிலவற்றில் 0.4 மி.மீ.தான். மெல்லிய முனையிலிருந்து பொறி குறைந்த வோல்டேஜிலேயே கிளம்பும், டர்போவுக்கு வேண்டியது அதுதான். இரிடியம் உருகுவது 2446 டிகிரியில், பிளாட்டினம் 1768-ல். நிக்கல் பிளக் டர்போவில் ஓடாது என்றில்லை, ஓடும். ஆனால் கேப் சீக்கிரம் விரியும், அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும். போலி சரக்கு அதிகம் புழங்கும் பொருள் இது என்பதால், மற்ற இடங்களை விடப் பாதி விலை என்று யாராவது தந்தால் வாங்காமல் வருவது நல்லது.

புது பிளக்கின் கேப்பைப் பார்க்காமல் மாட்டாதீர்கள், பெட்டி கீழே விழுந்திருந்தாலே மாறியிருக்கும். நாணயம் போன்ற வட்ட கேஜை உள்ளே நுழைத்து உருட்டினால் இரிடியம் முனை முறிந்துவிடும். கம்பி கேஜ் போதும். 0.7 வேண்டும் என்றால், 0.7 கம்பி லேசான உரசலோடு போக வேண்டும், 0.8 போகக் கூடாது. மாற்ற வேண்டியிருந்தால் வளைந்து நிற்கும் வெளி முனையை மட்டும் தொடுங்கள். நடு முனையை முட்டுக்கொடுத்து நெம்பவே கூடாது. வெளி முனையிலும் பிளாட்டினப் பொட்டு ஒட்டிய பிளக்குகளை வளைப்பதை விட, சரியான கேப்போடு வருவதைத் தேடி வாங்குவேன்.

கருவிகள்: 16 மி.மீ. அல்லது 14 மி.மீ. பிளக் சாக்கெட், 15 முதல் 25 செ.மீ. வரை ஒரு எக்ஸ்டென்ஷன், ராட்செட், காயில் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 மி.மீ. சாக்கெட், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச், காற்றடிக்க ஏதாவது. சில என்ஜின்களில் 14 மி.மீ. பிளக்குக்குப் பன்னிரண்டு முனை இருக்கும், ஆறு முனை சாக்கெட் அதில் உட்காராது. கழற்றத் தொடங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது எரிச்சலான வேலை.

என்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். காலையில், வண்டியை எடுக்கும் முன்பு செய்வதுதான் எனக்குப் பிடித்த நேரம். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்துகொண்டு வரலாம். மேல்மூடியையும், வழியில் நிற்கும் காற்றுக் குழாயையும் எடுத்தவுடன், திறந்து கிடக்கும் குழாய் வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிடுங்கள். அதற்குள் ஒரு சிறு போல்ட் விழுந்தால் அடுத்த ஸ்டார்ட்டில் அது டர்போவின் விசிறியில் போய் நிற்கும்.

காயில் கனெக்டரின் பிளாஸ்டிக் லாக் வெப்பத்தில் வறண்டு போயிருக்கும். ஸ்குரூடிரைவரால் நெம்பாமல், கனெக்டரை முதலில் உள்பக்கம் அழுத்தி, லாக்கை அமுக்கி, பிறகு இழுங்கள். காயிலை நேராகப் பிடுங்கினால், அதன் அடியில் பிளக்கைக் கவ்வி நிற்கும் ரப்பர் உறையான பூட் கீழேயே தங்கிவிடும். இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருப்பி, ஒட்டு விட்டபின் தூக்குங்கள். அடுத்து, பிளக்கைத் தொடும் முன்பு குழிக்குள் காற்றடிக்க வேண்டும். அங்கே தங்கியிருக்கும் மணல், பிளக் வெளியே வந்ததும் நேராகச் சிலிண்டருக்குள் இறங்கும். குழியில் எண்ணெய் நின்றால் வால்வ் கவரின் சீல் போய்விட்டது என்று பொருள், அதை மாற்றாவிட்டால் புது பூட்டும் ஊறிப் போகும்.

பிளக் கால் சுற்று இளகியபின் மறுபடி இறுகினால் பலத்தைக் காட்டாதீர்கள். திரும்ப உள்ளே கொஞ்சம் திருகி, துருநீக்கும் எண்ணெய் சில சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து முன்னும் பின்னுமாகத் திருகி எடுங்கள். ஒரு சிலிண்டரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது, திறந்த துளைகள் வரிசையாகக் காத்திருக்க வேண்டாம். கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி வையுங்கள்.

அவற்றைப் படிப்பதில் ஐந்து நிமிடம் செலவழிக்கலாம். முனையைச் சுற்றிய பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது குட்டை ஓட்டம், அல்லது பிளக் அதிகக் குளிர்ச்சி. ஈரமான கருப்பு எண்ணெய் என்றால் பிளக்கைத் தாண்டிய பிரச்சினை, வால்வ் சீலையும் ரிங்கையும் டர்போ சீலையும் சந்தேகிக்க வேண்டும். பீங்கான் வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் அதிகச் சூடு. பீங்கானில் உப்புத் தூள் போல் மினுமினுக்கும் அலுமினியப் பொட்டுகள் தெரிந்தால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) நடந்திருக்கிறது, பிஸ்டனில் இருந்து வந்த உலோகம் அது. புது பிளக் போட்டு மறந்துவிடக் கூடாது. வெளிப் பீங்கானில், உலோகத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் ஒரு பழுப்புக் கறை தெரிவதைப் பார்த்து கேஸ் கசிகிறது என்று பயப்படுவார்கள். அது உயர் வோல்டேஜ் ஈர்த்த தூசியும் எண்ணெயும்தான், ஒன்றும் செய்யாது.

புது பிளக்கை மேலிருந்து போடாதீர்கள். எக்ஸ்டென்ஷனோடு இறக்கி, ராட்செட் இல்லாமல் விரலால் மட்டும் திருகுங்கள். பிளக்கின் தலையில் இறுக்கமாக நிற்கும் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் இன்னும் நல்லது. மரை குறுக்கே ஏறினால் ஹோஸ் வழுக்கி உங்களைக் காப்பாற்றும், ராட்செட் காப்பாற்றாது. முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்பினால் மரை ஒன்றில் ஒன்று விழும் ஒரு சின்ன ‘டக்’ கையில் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம்.

இறுக்கம், வாஷர் உள்ள பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர், 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30. கையேடு வேறு சொன்னால் அதுவே சரி. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், விரலால் நின்ற இடத்திலிருந்து அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று. அதே பிளக்கைக் கழற்றித் திரும்பப் போடும்போது வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு சுற்றுதான். தளர்வாக விட்டால் பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்காது, முனை கொதிக்கும். அதிகம் முறுக்கினால் பிளக்கின் உடல் நீண்டு உள்சீல் விட்டுப்போகும். மரை இறுகிப் பிடிக்காமலிருக்க ஆன்டி சீஸ் என்ற பசையைப் பூசும் பழக்கம் பலருக்கு உண்டு. இன்றைய பிளக்குகளில் முலாம் இருப்பதால் அது தேவையில்லை. பூசினால் மரை வழுக்கி, ரெஞ்ச் 20 காட்டும்போது உண்மையில் அதற்கு மேல் இறுகியிருக்கும். தரையில் விழுந்த பிளக்கை, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், மாட்ட வேண்டாம். உள்ளே பீங்கான் கீறியிருக்கலாம்.

பூட்டின் உள்விளிம்பில் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸை மெல்லியதாகத் தடவி, காயிலை நேராக அழுத்தி உட்கார வைத்து, போல்ட்டை மிதமாக முடுக்குங்கள். கனெக்டர் ‘க்ளிக்’ சொல்ல வேண்டும். குழாய் வாயில் திணித்த துணியை எடுத்தீர்களா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். என்ஜின் சூடேறிய பிறகு அதே மூன்றாவது கியர், அதே 2000 ஆர்பிஎம், முழு மிதி.

இன்னும் வெட்டுகிறது என்றால் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். அதில் வரும் பிழை எண்களில் பி0300 எந்தச் சிலிண்டரில் பொறி தவறுகிறது என்று சொல்லாது, பி0301 முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது. ஒரே சிலிண்டரைக் காட்டினால் அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். பிழை எண்ணும் கூடவே நகர்ந்தால் குற்றவாளி காயில். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மிதிக்காமல் ஓரம் கட்டுங்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். காயிலை இறக்கும்போது பீங்கானின் மேல் நெடுக்காக ஓடும் மெல்லிய கருங்கோட்டையும் தேடுங்கள். பொறி முனையை விட்டு வெளியே ஓடிய தடம் அது. பூட்டின் உள்ளேயும் அதற்கு நேராக ஒரு கோடு இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால், பழையதில் இருக்கும் கரித்தடம் வழியாகவே பொறி மறுபடி ஓடி, புதியதிலும் கோடு போட்டுவிடும். பூட், பிளக் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.