கோமதி மந்தைவெளியிலேயே இருக்கட்டும்

இரண்டு ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கும் என் நாவலில், கோமதி என்ற பெண்ணை ஏழாம் அத்தியாயத்தில் காதலனிடமிருந்து பிரித்துவிட்டு, எட்டாம் அத்தியாயத்திலேயே சென்னை மந்தைவெளியிலிருந்து பெங்களூருக்கு அனுப்பிவைத்திருந்தேன். அங்கே அவளுக்குப் புதிய வேலை, புதிய தோழிகள், தோள்வரை வெட்டிய கூந்தல் எல்லாம் கொடுத்து, அவள் வளர்ந்துவிட்டாள் என்று நானே நம்பியும் இருந்தேன். கையெழுத்துப் பிரதியைப் படித்த என் அக்கா, "இவள் எங்கேடா வளர்ந்தாள்? வீடு மாறியிருக்கிறாள், அவ்வளவுதான்" என்றாள்.

இரண்டு நாள் கோபத்துக்குப் பிறகு சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்தேன். முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து, தம் நல்லியல்பை இழக்கும்போது கொள்ளும் படிவமே பாலை என்னும் வறண்ட நிலம் என்று அதன் காடுகாண் காதை சொல்கிறது. பிரிவுக்கு உரிய திணையும் பாலைதான். அப்படியென்றால், காதலை இழந்தவள் வேறு நிலத்துக்குப் போக வேண்டியதில்லை. அவள் நின்ற நிலமே அவள் காலடியில் காய்ந்துபோகிறது. அந்த வெயிலில் கோமதியை ஒரு நாள்கூட நிற்கவிடாமல் ரயிலேற்றிவிட்டவன் நான்.

அதே நூலில் பிரிவால் மாறும் பெண் யார் என்று கேட்டால், பலரும் கண்ணகியைச் சொல்லக்கூடும். 1968 முதல் மெரினாவில் சிலையாக நிற்பவளும் அவள்தான் (இடையில் சில ஆண்டுகள் அகற்றப்பட்டிருந்தது வேறு கதை). எனக்கோ, அந்தக் கடற்கரையில் சிலை இல்லாத மாதவியின் மாற்றமே எழுதக் கற்றுக்கொடுத்தது. கடற்கரையில் அவள் பாடிய கானல்வரிப் பாட்டில் ஐயம் கொண்டு கோவலன் எழுந்து போன அன்று மாலையே, அவள் தாழை மடலில் பித்திகை என்னும் மல்லிகை வகையின் அரும்பால், செம்பஞ்சுக் குழம்பைத் தொட்டு ஒரு கடிதம் எழுதுகிறாள். இளவேனிலையும் நிலவையும் குற்றம் சாட்டும் அழகான கடிதம் அது. ஆடல்மகளுக்கு நடிப்பு கைவந்தது என்று சொல்லி அதை வாங்கவே மறுத்துவிடுகிறான் கோவலன்.

கண்ணகியோடு மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலனிடம் கௌசிகன் என்ற தூதன் கொண்டுவந்து தரும் இரண்டாவது கடிதத்தில் வேனிலும் இல்லை, நிலவும் இல்லை. பெற்றோருக்குச் செய்யும் பணியையும் விட்டு, குலப்பிறப்பாட்டியான மனைவியோடு இரவில் ஊரை விட்டுப் போகும் அளவுக்கு என் பிழை என்ன என்று அறியாமல் கலங்குகிறேன் என்று மட்டும் சொல்கிறாள். அவள் மாறிவிட்டாள் என்று இளங்கோவடிகள் அங்கே சொல்லவில்லை. கடிதத்தின் நடை மாறியதைக் காட்டியதோடு சரி. படித்த கோவலன், "தன் தீது இலள்" என்று தெளிந்து, பிழை தன்னுடையது என்று உணர்கிறான். அதோடு நில்லாமல், ஒரு சொல்லும் மாற்றாமல் அந்த ஓலையையே தன் பெற்றோரிடம் சேர்க்கும்படி கொடுத்தனுப்புகிறான். காதலி எழுதிய கடிதம், மகன் தாய் தந்தையருக்கு எழுதியதாகவும் பொருந்துகிறது என்றால், அதிலிருந்து எவ்வளவு தன்னலத்தை அவள் கழித்திருக்க வேண்டும்!

கோமதியை மந்தைவெளிக்குத் திரும்ப அழைத்துவந்துவிட்டேன். நான்கு ஆண்டுகளாக அவனுடைய பைக்கில் பாரிமுனை அலுவலகத்துக்குப் போனவள், இப்போது பறக்கும் ரயிலில் கடற்கரை நிலையம் வரை தனியே போகிறாள். திருமயிலை, லைட் ஹவுஸ், சேப்பாக்கம் என்று நிலையங்கள் கழியும்போது, எங்கே சாப்பிடுவது என்பதிலிருந்து வீட்டில் எப்போது சொல்வது என்பதுவரை எல்லாவற்றையும் அவனிடமே விட்டுவிட்டு, தவறியபோதெல்லாம் அவனையே பழித்தது அவளுக்கு மெல்லப் பிடிபடுகிறது. இதைக் கண்டறிய அவளுக்கு மூன்று அத்தியாயங்கள் ஆகின்றன. அவசரப்படுத்த எனக்கு மனமில்லை.

அவனுடைய அம்மாவின் மூக்குக்கண்ணாடி ஒன்று, பழுது பார்ப்பதற்காக வாங்கிய நாளிலிருந்து, கோமதியின் கைப்பையிலேயே கிடக்கிறது. அதைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அவனுக்கு அவள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அவன் அதை அப்படியே தன் அம்மாவிடம் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே நான் எனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனை. 11 முறை எழுதிப் பார்த்துவிட்டேன். "நீ எப்போதும் போல மறந்திருப்பாய்" என்ற வரியை அவள் இன்னும் நீக்க மறுக்கிறாள்.